துபாய்க்குப் போகிறவர் தேராவில் தங்கலாம்

துபாய்க்கு நான்கைந்து நாள் விடுமுறையில் போகத் திட்டமிடும் குடும்பம் செலவுக் கணக்கு எழுதும்போது விமான டிக்கெட் முதல் வரியிலும் புர்ஜ் கலீஃபா இரண்டாவது வரியிலும் வரும். எந்தப் பகுதியில் அறை எடுப்பது என்பது மூன்றாவதாகவோ நான்காவதாகவோதான் வரும். பயணம் கையைக் கடிக்குமா, மனசுக்குப் பிடிக்குமா என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் அந்த வரிதான். விளம்பரப் படங்களில் பாம் ஜுமேராவும் துபாய் மரீனாவும் டவுன்டவுனும் மின்னுகின்றன. பணம் ஒரு பொருட்டில்லை என்றால் அங்கேயே தங்கிக்கொள்ளலாம், தவறொன்றுமில்லை. மாதாமாதம் சேர்த்து வைத்துப் போகிறவர்கள் மட்டும் பழைய பகுதிகளான தேராவிலோ பர்துபாயிலோ அறை எடுத்து, புதிய நகரத்துக்குப் போய்வரலாம் என்பது என் வாதம். சிக்கனம் அதற்கு ஒரு காரணம். அந்த ஊர் என்ன மாதிரியான ஊர் என்பது அங்கிருந்து பார்த்தால்தான் பிடிபடும் என்பது இன்னொன்று.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். துபாய் கடற்கரையை ஒட்டி நீளவாக்கில் இழுத்துவிட்ட ஊர். வடகிழக்கில் கடல் ஒரு கழியாக உள்ளே நுழைந்து பாலைநிலத்துக்குள் வளைந்து போகிறது. அங்கிருப்பவர்கள் அதைக் கிரீக் என்பார்கள். அதன் ஒரு கரை தேரா, மறுகரை பர்துபாய். அங்கிருந்து ஷேக் சாயித் சாலையில் தென்மேற்காக முப்பது கிலோமீட்டர் போனால் மரீனா. இந்த இரண்டு முனைகளும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு ஆட்களை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை. கழிக்கரை வியாபாரத்தில் வளர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆட்சியாளர் ஷேக் மக்தூம் பின் ஹஷர் சுங்கவரியை நீக்கியதும், வரிச்சுமையில் தவித்த லிங்கே துறைமுகத்து வணிகர்கள் பாரசீகக் கரையை விட்டு இங்கே வந்து குடியேறினார்கள். பிறகு ஜப்பானின் வளர்ப்பு முத்து சந்தைக்கு வந்து முத்துக்குளிக்கும் தொழிலைச் சாய்த்துவிட்டது. 1960ஐ ஒட்டி அப்போதைய ஆட்சியாளர் ஷேக் ராஷித் வெளியே கடன் வாங்கிக் கழியைத் தூர்வாரி, பெரிய கலங்கள் உள்ளே வர வழிசெய்தார். எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது 1966இல், அதற்கும் பிறகு. அந்த ஆண்டு வரை இந்த ஊரில் புழங்கிய பணம் ரூபாய். இந்திய ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே தனியாக அச்சிட்டுக் கொடுத்த ரூபாய் அது.

மரீனா முனையின் கதை வேறு. புர்ஜ் அல் அரப் ஓட்டல் 1999இல் திறந்தது. பாம் ஜுமேரா தீவுக்காகக் கடலில் மணலைக் கொட்டத் தொடங்கியது 2001இல். அடுத்த ஆண்டு வெளிநாட்டவரும் வீடு வாங்கலாம் என்று கதவு திறக்க, கோபுரங்கள் வரிசை கட்டின. 2009இல் கடன் நெருக்கடி கழுத்தைப் பிடித்தபோது அபுதாபி கைகொடுத்தது. 2010 ஜனவரி 4 அன்று நடந்த திறப்பு விழாவில் புர்ஜ் துபாய் என்ற கோபுரம் அபுதாபி ஆட்சியாளரின் பெயரைச் சூடிக்கொண்டு புர்ஜ் கலீஃபா ஆனது. வந்துபோகிறவர்களின் பணத்தை நம்பி எழுப்பிய பகுதி அது. காபிக்கும் கடற்கரை நாற்காலிக்கும் அங்கே தனி விலை இருப்பதில் வியப்பில்லை. கழிக்கரையில் மூட்டை தூக்குகிறவரும் கடையில் கணக்கெழுதுகிறவரும் தினமும் சாப்பிடவும் கரை கடக்கவும் தூங்கவும் வேண்டும். அதனால் அவர்கள் சம்பளத்துக்குள் அடங்குகிற மாதிரிதான் அங்கே விலைகள் நிற்கின்றன. அந்த விலைகள் சுற்றுலாப் பயணிக்கும் கிடைக்கும். தள்ளுபடிக் கூப்பன் எதுவும் வேண்டியதில்லை.

இதற்கு நல்ல சாட்சி ஆப்ரா. கழியின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போகும் மரப்படகு. கட்டணம் ஒரு திர்ஹம். டிக்கெட் கிடையாது, வரிசையும் பெரிதாக இருக்காது. படகின் நடுவே நீளமாக ஒரு பலகை மேடை. இருபது பேர் வரை முதுகோடு முதுகு சாய்த்து, தண்ணீரைப் பார்த்தபடி இரு பக்கமும் உட்கார்ந்துகொள்வார்கள். நடுவிலிருக்கும் குழியில் படகோட்டி. பாதிக் கழி கடந்ததும் நாணயம் கைமாறி அவரிடம் போய்ச்சேரும். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், நூறு திர்ஹம் நோட்டை நீட்டினால் படகே திரும்பிப் பார்க்கும். ஆங்காங்கே சரக்கு ஏற்றும் மரக்கலங்களும், பர்துபாய்க் கரையில் காற்றுக் கோபுரங்களும் கண்ணில் படும். சில நிமிடப் பயணம்தான். விளக்கு போட்ட சொகுசுப் படகில் இரவு உணவோடு இதே தண்ணீரைச் சுற்றிக் காட்ட நூறு திர்ஹமுக்கு மேலும் கேட்பவர்கள் உண்டு. பாட்டு, பஃபே எல்லாம் பிடிக்கும் என்றால் போங்கள். கழியைப் பார்க்க வேண்டும் என்றால் ஆப்ராவே போதும்; அந்திநேரத்தில் இரண்டு மூன்று தரம்கூடப் போய்வரலாம்.

கழிக்கரையில் தங்கிவிட்டு மரீனாவுக்கு முப்பது கிலோமீட்டர் அலைவதா என்று கேட்கலாம். 2009 செப்டம்பர் 9 அன்று ஓடத் தொடங்கிய மெட்ரோ அதற்குப் பதில். சிவப்புத் தடம் விமான நிலையத்தின் முதலாம், மூன்றாம் முனையங்களிலிருந்து தேரா, புர்ஜுமான், புர்ஜ் கலீஃபா வழியாக மரீனா வரை போகிறது. பச்சைத் தடம் கழியின் இரு கரைகளையும் கோக்கிறது. யூனியன், புர்ஜுமான் இரண்டும் தடம் மாறும் நிலையங்கள். இவற்றிலிருந்து நடக்கிற தூரத்தில் அறை கிடைத்தால் ஊர் முழுக்க உங்கள் கையில். நோல் சில்வர் அட்டை 25 திர்ஹம், அதில் 19 திர்ஹம் பயணத்துக்கே இருக்கும். ஒரு மண்டலத்துக்குள் 3 திர்ஹம், எவ்வளவு தூரம் போனாலும் ஏழரை. பேருந்திலும் இதே அட்டைதான், காசு வாங்கமாட்டார்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிப் பெட்டி உண்டு. தரையில் போட்ட இளஞ்சிவப்புக் கோட்டை ஆண்கள் தாண்டினால் அபராதம். ரயிலில் தண்ணீர் குடித்தாலும் சூயிங்கம் மென்றாலும் அபராதம்தான். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குத்தான் முதல் ரயில். குறைந்த கட்டண விமானங்கள் பல வந்திறங்கும் இரண்டாம் முனையத்தில் மெட்ரோ நிலையம் இல்லை, அங்கிருந்து டாக்சிதான். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு இரவு நேரத்தில் எப்படியும் டாக்சியே சௌகரியம். மீட்டர் ஒழுங்காக ஓடும் ஊர் அது.

தேராவில் அறை தேடும்போது ஒரு எச்சரிக்கை. அங்கேயும் பர்துபாயிலும் இரண்டு மூன்று நட்சத்திர ஓட்டல்கள் பலவற்றில் கீழ்த்தளத்தில் நடன விடுதி நடக்கும்; விடியும் முன் வரை மேளச் சத்தம் அறைக்குள் கேட்கும். முன்பதிவுக்கு முன் மற்றவர்கள் எழுதிய விமரிசனங்களில் சத்தம் பற்றிய வரிகளைத் தேடிப் படித்துவிடுங்கள். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ரிக்கா பக்கமோ, எதிர்க்கரையில் மன்கூல், கராமா பக்கமோ பொருந்தும். கராமாவில் இட்லி தோசைக்குப் பஞ்சமே இல்லை. அதற்காக மூன்று வேளையும் சரவணா சாம்பாரிலேயே முங்கிக் கிடக்க வேண்டாம். சத்வாவில் 1978 முதல் நடக்கும் ரவி ரெஸ்டாரன்டின் பாகிஸ்தானி கறிக்குழம்பு, தெருமுனையில் விற்கும் கரக் சாயா, சூடாகப் போட்டுத் தேன்பாகு ஊற்றும் லுகைமாத், லெபனான் கடைகளின் மனாகீஷ் ரொட்டி எல்லாமே இந்தக் கரையோர விலையில் கிடைப்பவை. அறை வாடகையைப் பார்க்கும்போது வரிகளைச் சேர்த்துப் பாருங்கள்: நகராட்சிக் கட்டணம், சேவைக் கட்டணம், 5 சதவீத வாட் எல்லாம் உண்டு. அதற்கு மேல் டூரிசம் திர்ஹம் என்று அறைக்கு ஓர் இரவுக்கு 7 முதல் 20 திர்ஹம் வரை, நட்சத்திரத்துக்குத் தக்கபடி, பெரும்பாலும் ஓட்டலிலேயே கட்டச் சொல்வார்கள்.

இப்போது நேரடியான மறுப்புக்கு வருவோம். நெரிசலான கடைத்தெரு நம்மூரிலேயே இருக்கிறதே, அதைப் பார்க்கவா நான்கு மணி நேரம் பறந்து போவது என்பார்கள். நியாயமான கேள்வி. புதிய நகரத்தைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது பார்க்க வேண்டியதுதான், அதிலும் மிகப் பெரிய பகுதி இலவசம். 828 மீட்டர் உயரக் கோபுரத்தை அதன் காலடியிலுள்ள ஏரிக்கரையில் நின்று பார்க்கக் காசில்லை. மாலையில் அங்கே ஆடும் நீரூற்றுக்கும் காசில்லை. துபாய் மாலின் ராட்சத மீன்தொட்டியை வெளியே நின்றே நன்றாகப் பார்த்துவிடலாம். வளைந்த உடலெங்கும் அரபி எழுத்துகளைச் சுமந்து நிற்கும் மியூசியம் ஆஃப் த ஃப்யூச்சர் கட்டடத்தின் அழகு என் கணக்கில் வெளிப்புறத்திலேயே முடிந்துவிடுகிறது. ஆகவே டிக்கெட் வாங்கி ஏறுவதற்கு ஒன்றே ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். புர்ஜ் கலீஃபா என்றால் 124ஆம் மாடி போதும். 148க்கு இரண்டு மடங்குக்கு மேல் கேட்பார்கள், தெரிகிற பாலைவனம் ஒன்றுதான். சூரியன் மறையும் நேரத்துக்கு விலை ஏறும், காலையில் குறையும். என்னைக் கேட்டால், சபீல் பூங்காவில் 2018இல் திறந்த துபாய் ஃப்ரேம் இன்னும் பொருத்தம். 150 மீட்டர் உயரச் சட்டத்தின் மேல்தளத்தில் நடந்தால் ஒரு பக்கம் தேரா, மறுபக்கம் ஷேக் சாயித் சாலைக் கோபுரங்கள். மேலே சொன்ன இரண்டு நகரக் கதை அங்கே ஒரே பார்வையில் தெரியும். கட்டணமும் புர்ஜைவிட வெகு குறைவு.

பழைய கரையிலும் கடைத்தெரு மட்டும் இல்லை. பர்துபாயின் அல் ஃபஹீதி பகுதி, பாரசீகத்தின் பஸ்தக்கிலிருந்து வந்த வணிகர்கள் கட்டிய சந்துகள். வீட்டுக் கூரைமேல் எழும்பி நிற்கும் காற்றுக் கோபுரத்துக்கு நான்கு பக்கமும் வாய். எந்தத் திசைக் காற்றும் ஒரு வாயில் நுழைந்து கீழே அறைக்குள் இறங்கும், சூடான காற்று எதிர்வாய் வழியாக மேலேறி வெளியேறும். மின்சாரம் வருவதற்கு முன் இந்தச் சூட்டில் மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்ற கேள்விக்கு அதன் அடியில் நின்றால் உடம்பே பதில் சொல்லும். அங்கேயுள்ள ஷேக் முகமது பண்பாட்டுப் புரிதல் மையத்தில் கட்டணம் கட்டி எமிராத்தியர்களோடு உட்கார்ந்து சாப்பிடலாம், எதை வேண்டுமானாலும் கேட்கலாம். மக்கள்தொகையில் பத்தில் ஒன்பது பேர் வெளிநாட்டவராக இருக்கும் ஊரில் உள்ளூர்க்காரரோடு பேசக் கிடைப்பதே அரிது. கழியின் உள்முனையில் ராஸ் அல் கோர் சதுப்பு நிலம் இருக்கிறது. குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டமாக இறங்கும், மறைவிடத்திலிருந்து பார்க்க அனுமதி இலவசம். கோபுரங்களின் பின்னணியில் இளஞ்சிவப்புக் கழுத்துகள் சேற்றைக் கிளறிக்கொண்டிருப்பதை எந்தப் பேக்கேஜ் பட்டியலிலும் நான் பார்த்ததில்லை என்பது ஆச்சரியம்தான்.

இன்னொரு மறுப்பு வெயில் பற்றியது. வயதான பெற்றோரை வைத்துக்கொண்டு ஆப்ரா, சந்து, சூக் எனப்படும் கடைத்தெரு என்று அலைய முடியுமா? இதில் விட்டுக்கொடுக்கிறேன்: ஜூன் முதல் செப்டம்பர் வரை என் வாதம் பாதி செல்லாது. பகலில் 40 பாகைக்கு மேல் போகும், கடல் ஈரமும் சேரும். ஆண்டுதோறும் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் பன்னிரண்டரை முதல் மூன்று மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று அரசே சட்டம் வைத்திருக்கிறது. கட்டடத் தொழிலாளியே நிறுத்தும் நேரத்தில் விடுமுறைக்காரர் நடக்க வேண்டியதில்லை. பள்ளி விடுமுறை காரணமாகக் கோடையில்தான் போக முடியும் என்றால், குறைந்த வாடகைக்குக் கிடைக்கும் நல்ல ஓட்டலும் மாலும் ஏசி வண்டியுமே சரி. அப்போது குளோபல் வில்லேஜ் கண்காட்சியும் மிராக்கிள் கார்டன் பூந்தோட்டமும் மூடியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை போக முடிந்தால் மேலே சொன்னது முழுக்கச் செல்லும். கடலுக்கும் இதே விதிதான். உம் சுகைம், கைட் பீச் போன்ற பொதுக் கடற்கரைகள் இலவசம். புர்ஜ் அல் அரபை முதுகுக்குப் பின்னால் வைத்துப் படமெடுக்க உம் சுகைமைவிட நல்ல இடமில்லை. ஜுமேரா, உம் சுகைம் கரைகளில் இரவில் குளிக்கவென்றே ஒளிவிளக்கும் உயிர்காப்பாளரும் வைத்த பகுதிகளை 2023இல் நகராட்சி திறந்தது. கோடையில் போகிறவர்கள் அதையே நம்பலாம்.

பாலைவன சஃபாரி பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். மணல்மேட்டில் ஜீப்பை ஏற்றி இறக்கும் சவாரி, பிறகு கூடாரத்தில் நடனமும் பார்பிக்யூவும் என்பது வழக்கமான மாலை. முதுகுவலிக்காரர்களும் கர்ப்பிணிகளும் அந்தச் சவாரியில் ஏறவே கூடாது. கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால் துபாய் பாலைவனக் காப்பகத்துக்குள் கூட்டிப் போகும் நிறுவனத்தைத் தேடுங்கள். 2003இல் அமைத்த, 225 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள நிலம் அது. அரேபிய ஓரிக்ஸ் மான்களை அங்கே பார்க்கலாம்.

இந்த ஊரில் போய்க் கொண்டாடுவதே சரியா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். கோபுரங்களைக் கட்டியவர்கள் தெற்காசியத் தொழிலாளர்கள், அவர்களில் தமிழர்களும் ஏராளம். விசாவை முதலாளியோடு கட்டிப்போடும் முறை அவர்களைப் பலவீனமாக்கியது என்பதை மறுக்க முடியாது. சட்டங்கள் மெல்ல மாறியிருக்கின்றன, புகார்கள் நின்றுவிடவில்லை. போகாமல் இருப்பது ஒருவரின் முடிவு, அதை மதிக்கிறேன். ஆனால் போவது என்று முடிவெடுத்தவர் எங்கே தங்குகிறார் என்பது இங்கேயும் பொருள்படுகிறது. பாம் தீவு ரிசார்ட்டில் இந்த மனிதர்கள் சீருடையில் வந்து தட்டை எடுத்துப் போவார்கள். தேராவில் அவர்கள் ஆப்ராவில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள், கராமா மெஸ்ஸில் எதிரே அமர்ந்து மீன்குழம்பு கேட்பார்கள், விடுமுறை நாள் மாலையில் பனியாஸ் சதுக்கத்தில் ஊருக்குப் பேசிக்கொண்டிருப்பார்கள். பேச்சுக் கொடுத்தால் எந்த வழிகாட்டி நூலிலும் இல்லாத துபாய் கிடைக்கும். கேட்காமல் மட்டும் யாரையும் படமெடுக்காதீர்கள்; அங்கே அது குற்றம்.

குற்றம் என்றதும் பெட்டி கட்டும்போதே கவனிக்க வேண்டியவை நினைவுக்கு வருகின்றன. கசகசா அந்த நாட்டில் போதைப்பொருள் பட்டியலில் இருக்கிறது. வீட்டில் அரைத்த குருமாப் பொடியில், கறிமசாலாவில் அது கலந்திருந்தாலும் சிக்கல்தான்; மாமியார் ஆசையாகக் கட்டிக்கொடுத்தாலும் பிரித்துப் பார்த்துவிடுங்கள். வெற்றிலை, பான் வகைகளுக்கும் அனுமதியில்லை. கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் போன்ற வலிநிவாரணிகள் நமக்குச் சாதாரணம், அங்கே முன் அனுமதி வேண்டும். மருத்துவர் சீட்டு எப்போதும் கையில் இருக்கட்டும். இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்கள் பொதுவாக விசா எடுத்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். செல்லுபடியாகும் அமெரிக்க விசா போன்றவை இருப்பவர்களுக்குச் சலுகை உண்டு. வாட்ஸ்அப்பில் செய்தி போகும், குரல் அழைப்பு பொதுவாகப் போகாது. இதை வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள், இல்லையென்றால் முதல் நாளே பதற்றம். ரமலான் மாதத்தில் போனால் பகலில் தெருவில் சாப்பிடுவதைத் தவிர்ப்பது மரியாதை.

கடைசியாகத் தங்கம், ஏனென்றால் தேராவில் தங்கினால் கோல்டு சூக் தப்பாது. அன்றைய கிராம் விலை கடைக்குக் கடை ஒன்றாகவே இருக்கும், பேரம் பேசிப் பயனில்லை. செய்கூலியில்தான் பேச்சு. ஒரே எடையுள்ள சங்கிலிக்கு இரண்டு மூன்று கடைகளில் செய்கூலி கேளுங்கள், வித்தியாசம் புரிந்துவிடும். திர்ஹம் டாலரோடு 3.6725 என்று கட்டப்பட்டது, எனவே ரூபாய் சரிந்த வாரத்தில் அங்கே தங்கம் உங்களுக்கு மட்டும் விலை ஏறியிருக்கும். நகைக்கு 5 சதவீத வாட் உண்டு. சுற்றுலாப் பயணி என்று கடையிலேயே சொல்லி வரித்திருப்பத்துக்குப் பதிந்துகொண்டால், விமான நிலையத்தில் பெட்டியைப் போடும் முன் சரிபார்த்துப் பெரும்பகுதியைத் திரும்ப வாங்கலாம். ஆனால் சென்னையில் இறங்கும்போது ஒரு கணக்கு காத்திருக்கிறது. ஆண்களுக்கு 20 கிராம், பெண்களுக்கு 40 கிராம் என்ற நகைச் சலுகை, ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்துத் திரும்புகிறவர்களுக்கு மட்டுமே. நான்கு நாள் விடுமுறைக்குப் போனவருக்கு இல்லை. 2024 ஜூலையில் இந்தியா இறக்குமதித் தீர்வையை 15இலிருந்து 6 சதவீதமாகக் குறைத்ததும் இரு ஊர் விலைக்கும் நடுவே இருந்த இடைவெளியும் சுருங்கியது, அதிலும் குறுகிய பயணிக்கு விதிக்கும் தீர்வை இதைவிடக் கூடுதல். புதுமாதிரி வேலைப்பாடு பிடித்திருந்தால் ஒரு மோதிரம், ஒரு ஜிமிக்கி வாங்கிக்கொள்ளுங்கள். பில்லைப் பத்திரப்படுத்தி, இறங்கியதும் சுங்கத்தின் சிவப்பு வழியில் போய் அறிவித்துவிடுங்கள்.